தொட்டிக் கடலும் தட்டைப்புழுவும்

முதலில் அதைத் துரு என்று நினைத்தேன். தொட்டியின் இடது மூலையில், பம்ப்பின் நீரோட்டம் எட்டாத ஒரு உள்ளங்கை இடத்தில், வெள்ளைப் பீங்கான் துண்டின் மேல் செம்பழுப்பாக ஒரு கறை. ஆணி ஏதாவது உள்ளே விழுந்துவிட்டதோ என்று பயந்தேன். உப்புநீர்த் தொட்டியில் உலோகம் விழுவது சின்ன விஷயமில்லை. மறுநாள் காலை விளக்கைப் போட்டதும் பார்த்தேன். கறை இரண்டு அங்குலம் தள்ளி, வெளிச்சம் நேராக விழும் இடத்துக்கு வந்திருந்தது. துரு வெளிச்சத்தைத் தேடிப் போகாது. அப்பாவின் பழைய பூதக்கண்ணாடியைத் தொட்டியின் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்தபோது கறை நூறு உயிர்களாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு அரிசி நீளம். காகிதம் போலத் தட்டை. பின்பக்கம் மூன்று நுனிகளாகக் கத்தரித்துவிட்டது போலிருந்தது. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஓரங்களை லேசாக மடித்து, அவசரமே இல்லாமல் வழுக்கிக்கொண்டிருந்தன. அழகாக இருந்தன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து மாதங்கள் அவற்றைக் கொல்வதே என் வேலையாக இருந்தது.

வேப்பூரில் கடல் இல்லை. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையை விருத்தாசலத்திலிருந்து சேலம் போகும் சாலை குறுக்கே வெட்டுகிற கூட்டுரோடு இது. வெளியூர்க்காரர்களுக்கு இது டீ குடிக்க இறங்கும் இடம். சுற்று வட்டாரத்துக்கு வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தை. கடலூர்க் கடலுக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இந்த ஊரில், சித்திரை வெயிலில் வீட்டுச் சுவர் ராத்திரி பத்து மணி வரை சூட்டைக் கக்கும் ஊரில், 4 அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள கண்ணாடிப் பெட்டிக்குள் கடல் வைத்திருக்கிறேன். கல்லும் மணலும் போக 200 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மொத்தம் 7 கிலோ. சமையல் உப்பல்ல. மக்னீஷியமும் கால்ஷியமும் இன்னும் என்னென்னவோ கலந்து பக்கெட்டில் அடைத்து வருகிற செயற்கைக் கடலுப்பு. ஆழ்துளைக் கிணற்று நீரில் அதைக் கரைக்க முடியாது. வடிகட்டி, அதிலுள்ள எல்லாவற்றையும் நீக்கி, வெறும் நீராக்கி, பிறகு வேண்டியதைச் சேர்க்க வேண்டும். வெப்பம் 27 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருந்தும் மின்சாரம் போகிற ஊர் இது என்பதால் பேட்டரிக்கும் செலவு.

நம் கவிதைகளில் கடல் எப்போதும் எல்லையின்மைக்காக வந்து நிற்கிறது. அல்லது மரணத்துக்காக. கடலின் அடர்த்தியைத் தினமும் காலையில் அளந்து, ஆவியாகிப் போன ஒன்றரை லிட்டரை நல்ல தண்ணீரால் ஈடு செய்கிறவனுக்கு அந்த வரிகளைப் படிக்கும்போது சற்று எரிச்சல் வருகிறது. எல்லையின்மை என்பது கரையில் நிற்கிறவனின் சௌகரியம்.

அந்த வெள்ளைப் பீங்கான் துண்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பவழப்பாறைத் தொட்டி வைக்கிறவர்கள் வழக்கமாகக் கல் தேடுவார்கள். கடலில் கிடந்து துளை துளையாகிப் போன, உயிர் குடியேறிய கல். அந்தத் துளைகளில் வாழும் பாக்டீரியாக்கள்தான் மீன்களின் கழிவை நஞ்சு நீக்கித் தருகின்றன. தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட கல் எங்கே கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். மன்னார் வளைகுடாவிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் பவழக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புச் சூளைக்கும் வீட்டு அஸ்திவாரத்துக்கும் கொண்டு போனார்கள். அங்கே இருந்த தீவுகள் 21. அவற்றில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் நீருக்கு அடியில் போய்விட்டன. 1986ல் அது கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001ல் கல் பவழங்கள் எல்லாவற்றையும், கருப்புப் பவழம், கடல் விசிறி எல்லாவற்றையும் சேர்த்து, 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் போட்டார்கள். புலி இருக்கும் அட்டவணை. 1998, 2010, 2016 கோடைகளில் மிஞ்சியிருந்ததும் சூட்டில் வெளுத்தது. அங்கிருந்து ஒரு கல்லை எடுத்து வந்து என் கூடத்தில் வைத்துக்கொண்டு கடலை நேசிக்கிறேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனவே கல்லுக்குப் பதில் பீங்கான்.

அப்பா விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் சூளை வேலை செய்தார். அகல்விளக்கு, பொம்மை, மின்சார ஃபியூஸ் கட்டைகள், இன்சுலேட்டர். ஒவ்வொரு சூளையிலும் கொஞ்சம் கோணிப் போகும், விரிசல் விடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கழிவில் கிளேஸ் பூசாமல் சுட்டதாகப் பொறுக்கி, சைக்கிள் கேரியரில் சாக்குக் கட்டிக் கொண்டுவந்து கொல்லையில் கொட்டுவார். எதற்கு என்று அம்மா கேட்டால் 'கிடக்கட்டும்' என்பார். அவர் போன பிறகு பதினோரு வருஷம் அது கிடந்தது. கிளேஸ் பூசாத பீங்கான் நாக்கில் ஒட்டும்; அதாவது அதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. கிளேஸில் இருக்கக்கூடிய உலோகங்களின் தொந்தரவும் இல்லை. கழுவி, ஊறவைத்து, காயவைத்து, அடுக்கினேன். ஆறு மாதத்தில் வெள்ளை போய் ஊதாவாகவும் பச்சையாகவும் பாசி படர்ந்தது. கோணிப்போன ஃபியூஸ் கட்டையின் பொந்தில் கோமாளி மீன் இரண்டு குடியேறின. காளான் பவழமும் பொத்தான் பவழமும் தோல் பவழமும் அந்தத் துண்டுகளின்மேல் வேரூன்றின. இவை கல் எழுப்பாத மென் பவழ வகைகள். சென்னை கொளத்தூரில் வாங்கியவை. இறக்குமதி என்று வியாபாரி சொன்னார். நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது.

புழு வந்தது அப்படி வாங்கிய ஒரு பொத்தான் பவழத்தோடுதான். வேறு வழியே இல்லை. வாங்கி வந்த எதையும் தொட்டியில் இறக்கும் முன் ஒரு பாத்திரத்தில் அயோடின் கலந்த நீரில் முக்கி எடுத்து, நான்கு வாரம் தனியே வைத்திருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் பாலபாடம். எனக்கும் தெரியும். அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பில் நேரே உள்ளே விட்டேன். விருத்தாசலத்துக்காரர்களுக்குச் சுந்தரர் கதை தெரியும்: மணிமுத்தாற்றில் போட்ட பொன்னைத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார். ஏதோ ஒரு சமுத்திரத்தில் போட்டது வேப்பூர்த் தொட்டியில் எழுந்தது. பொன்னுக்குப் பதில் புழு.

தட்டைப்புழு என்று இதைச் சொல்வதே சரியில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். மீன் வளர்ப்பவர்கள் சிவப்புத் தட்டைப்புழு என்கிறார்கள். விலங்கியல் இதை அசீலா என்ற கூட்டத்தில் வைக்கிறது. வயிற்றுக் குழி என்று ஒன்று இல்லாதது என்று பொருள். விழுங்கிய இரை ஒரு குடலுக்குள் போவதில்லை; உடலின் நடுவே இருக்கும் திசுவுக்குள்ளேயே கரைந்துவிடுகிறது. நெடுங்காலம் தட்டைப்புழுக்களோடு சேர்த்தே எண்ணப்பட்டது. 1999 வாக்கில் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் இவை தட்டைப்புழுவே அல்ல, வெகு ஆதியில் தனியே கிளை பிரிந்தவை என்றார்கள். ஆக, நான் ஐந்து மாதம் சண்டை போட்டது பெயர் தவறாகத் தெரிந்த ஒன்றோடு.

இதன் ஒரு இனத்தை, கன்வோலூட்ரிலோபா ரெட்ரோஜெம்மா என்பதை, 1988ல் ஹெண்டல்பர்க், ஒகெஸன் என்ற இரண்டு ஸ்வீடன்காரர்கள் முதன்முதலில் விவரித்தார்கள். பெயரின் பின்பாதிக்கு 'பின்னோக்கிய மொட்டு' என்று அர்த்தம் கொள்ளலாம். புழுவின் பின்முனையில் மொட்டு விடுகிறது. அந்த மொட்டின் தலை தாய்க்கு நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. தாய் கிழக்கே போக நினைக்கும்போது குழந்தை மேற்கே போக நினைக்கிறது. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கையிலேயே இந்த இழுபறி தொடங்கி, கடைசியில் பிய்த்துக்கொண்டு போகிறது. பூதக்கண்ணாடியில் இதை இரண்டு முறை பார்த்தேன். என்னிடம் இருந்தது சரியாக அதே இனம்தானா என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் செய்கை அதுதான். ஆணும் பெண்ணும் சந்திக்கக் காத்திருக்கத் தேவையில்லாத இந்த ஏற்பாட்டில் நூறு என்பது மூன்று வாரத்தில் எவ்வளவாகும் என்பதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை.

இவை பவழத்தைத் தின்பதில்லை. அக்ரோபோரா என்ற கிளைப் பவழத்தைத் தின்கிற நிஜமான தட்டைப்புழு ஒன்று உண்டு. அது பவழத்தின் நிறத்திலேயே இருந்து, கண்ணில் படாமல், வட்ட வட்டமாகக் கடித்த தழும்பை மட்டும் காட்டும். என்னுடையது அப்படித் திருட்டுத்தனம் இல்லாதது. பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, பவழத்தின் மேல் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும். அதன் உடம்புக்குள் பாசி இருக்கிறது. பவழத்தின் உடம்புக்குள்ளும் பாசி இருக்கிறது. இரண்டுக்கும் சோறு வெளிச்சம்தான். யார் மேலே படுப்பது என்பதே பிரச்னை. கீழே அகப்பட்ட காளான் பவழம் முதலில் சுருங்கிற்று, பிறகு அடியை விட்டுக் கழன்று மிதந்து போயிற்று. பாசி போதாதென்று இந்தப் புழு வேட்டையும் ஆடும். முன்பாதியைக் குடை போல் தூக்கி வைத்துக் காத்திருந்து, அடியில் வந்த சிற்றிறால் வகைப் பூச்சிகளை அமுக்கிவிடும். அந்தப் பூச்சிகளை நம்பி ஒரு மீன் வைத்திருந்தேன்.

அது மாண்டரின். பசிபிக் கரைப் பாறைகளில் வாழ்வது. நீலத்தில் ஆரஞ்சுக் கோடுகள் சுழித்துச் சுழித்து ஓடும், ஜமக்காளம் போன்ற மீன். பெரும்பாலும் உயிருள்ள பூச்சியைத்தான் தின்னும். கொடுக்கும் தீனியைத் திரும்பிப் பார்க்காது. தொட்டியில் பட்டினியால் சாகிற மீன்களில் இதற்கு முதலிடம். அது தெரிந்தும் வாங்கினேன். எட்டு மாதம் என் தொட்டியில் கல்லைக் கொத்திக் கொத்தி உயிர் வாழ்ந்தது. புழு பெருகப் பெருக அதன் வயிறு ஒட்டிக்கொண்டு வந்தது. சிலர் மாண்டரின் இந்தப் புழுவைத் தின்னும் என்று சொல்கிறார்கள். என்னுடையது புழுவைக் கிட்டே போய்ப் பார்க்கும், யோசிக்கும், விலகிவிடும்.

முதல் வைத்தியம் உறிஞ்சுவது. காற்றுக்குழாய் ஒன்றை எடுத்து ஒரு முனையைத் தொட்டியிலும் மறுமுனையைக் கீழே வாளியிலும் விட்டு, வாயால் இழுத்து நீரோட்டத்தை உண்டாக்கி, புழுக்களைப் பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டும். இரவில் எட்டு மணிக்கு உட்கார்ந்தால் பத்தரை ஆகும். பிய்த்து எடுக்கக் கூடாது. பாதி உடம்பு ஒட்டிக்கொண்டால் அந்தப் பாதி முழுதாக வளரும். நிஜமான தட்டைப்புழுவான பிளனேரியாவை 1898ல் டி.எச். மார்கன் வெட்டிப் பார்த்து, 279ல் ஒரு பங்குகூட முழுப் புழுவாக வளரும் என்று கணக்குச் சொன்னார். அவரே பிறகு ஈப் பூச்சியின் மரபணுவுக்குப் போய் நோபல் வாங்கினார். புழுவிலேயே நின்றவர்களும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் மக்கானல், பழக்கப்படுத்திய பிளனேரியாவை நறுக்கிப் பழகாத பிளனேரியாவுக்குத் தின்னக் கொடுத்தால் தின்றது சீக்கிரம் கற்றுக்கொள்கிறது என்றார். ஞாபகத்தைத் தின்ன முடியும்! 1962ல் இது பெரிய பரபரப்பு. மற்றவர்கள் செய்து பார்த்தபோது சரியாக வரவில்லை. எனக்கு அவர்மேல் பிரியம் வேறொரு காரணத்தால். 1959லிருந்து அவர் ஒரு பத்திரிகை நடத்தினார், 'வோர்ம் ரன்னர்ஸ் டைஜஸ்ட்' என்று. நிஜ ஆராய்ச்சிக் கட்டுரைகளும் கேலிக் கட்டுரைகளும் ஒரே இதழில் வரும். எது எது என்று தெரியவில்லை என்று வாசகர்கள் புகார் செய்ததால் கேலிப் பகுதியைத் தலைகீழாக அச்சிட்டுப் பின்னட்டையிலிருந்து தொடங்க வைத்தார். நம் சிறுபத்திரிகைகளில் சிலவற்றுக்கும் இந்த ஏற்பாடு உபயோகமாக இருந்திருக்கும்.

உறிஞ்சிய நீரைத் துணியில் வடிகட்டி எண்ணுவேன். முதல் இரவு 212. மூன்றாம் இரவு 190. பத்தாம் இரவு 240. நோட்டில் எழுதி வைத்தேன். எண்ணிக்கை எழுதுவது ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்ற பிரமையைத் தருகிறது. ஒரு மாதத்தில் பம்ப்பின் வேகத்தைக் கூட்டினேன், தீனியைக் குறைத்தேன், ஆறு கோடு போட்ட ராஸ் மீன் ஒன்றை வாங்கி விட்டேன். இந்த ராஸ் மீன்களில் சில புழு தின்னும், சில தின்னாது என்பார்கள். என்னுடையது தின்னாத சில.

இந்தப் புழுவை மட்டுமே தின்று வாழும் ஒரு ஜீவன் உண்டு. ஓடு இல்லாத கடல் நத்தை. செலிடோனூரா வேரியன்ஸ் என்று பெயர். கருப்பு வெல்வெட் உடம்பில் ஓரம் முழுக்க மின்சார நீலத்தில் ஒரு கோடு. படத்தில் பார்த்தபோதே மூச்சு நின்றது. மேற்குப் பசிபிக்கில் இருக்கிறது. கடைக்காரர்கள் சிலரைக் கேட்டேன், யாரிடமும் இல்லை. கிடைத்திருந்தாலும் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அது புழுக்களைத் தின்னும். தின்று முடித்ததும், வேறெதையும் தின்னத் தெரியாததால், பட்டினி கிடந்து சாகும். வேலை முடிந்ததும் செத்துப் போகிற வேலையாள். அதை வாங்கத் துடித்த என் மனசு எப்படிப்பட்டது என்று எனக்கே விளங்கவில்லை. கிடைத்திருந்தால் வாங்கியிருப்பேன்.

மிச்சம் இருந்தது மருந்து. வெளிநாட்டில் இதற்கென்றே சிறு குப்பிகளில் விற்கிறார்கள். இங்கே வரவழைக்கும் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். இந்தத் தொட்டிக்காரர்கள் வெகுநாளாகக் கையாளும் மருந்து லெவாமிசோல் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. 1960களில் பெல்ஜியத்தில் ஜான்ஸன் ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து அது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு நீக்கக் கொடுப்பது. புழுவின் நரம்பு தசையோடு பேசும் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, 'சுருங்கு' என்ற ஒரே கட்டளையை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். புழு சுருங்கி, விறைத்து, பிடி விட்டுவிடும். அது விற்கும் இடம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வாரா வாரம் கூடுகிறது.

வெள்ளிக்கிழமை விடியுமுன் சந்தைக்குப் போனேன். தீபாவளிக்கும் பக்ரீத்துக்கும் முந்திய வாரங்களில் அங்கே கால் வைக்க முடியாது. அன்றைக்குச் சுமாரான கூட்டம். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். மருந்து வைத்திருந்தவரிடம் பேர் சொல்லிக் கேட்டேன். பக்கத்தில் குந்தியிருந்த கிழவர் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தினி உருப்படி வச்சிருக்கற தம்பி?"

"ஆடு இல்லீங்க. மீன் தொட்டி. அதுல புழு."

"மீனுக்குப் புழுவா?"

"மீனுக்கு இல்லீங்க. தண்ணியில. தட்டையா, செவப்பா."

"தட்டையா இருந்தா ஈரல் புழு" என்றார் தீர்மானமாக. "அதுக்கு இந்த மருந்து கேக்காது. இது உருண்டைப் புழுவுக்கு. ஈரல் புழுவுக்கு வேற சேத்தி வரும், அதைக் குடு இவருக்கு."

அவர் சொன்னது ஆட்டைப் பொறுத்தவரை முழுக்கச் சரி. ஈரல் புழு நிஜமான தட்டைப்புழு. குட்டைத் தண்ணீரில் இருக்கும் நத்தைக்குள் வளர்ந்து, புல்லில் ஒட்டி, ஆட்டின் ஈரலுக்குப் போவது. தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கினால் அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு ஆக்ஸிக்ளோசனைட் வேண்டும். கடைக்காரர் இரண்டும் கலந்த பாட்டிலை நீட்டினார். அந்தக் கலப்பை நீரில் விட எனக்குத் தைரியம் இல்லை. தனி லெவாமிசோலே வேண்டும் என்றேன். படித்தவன் பிடிவாதம் என்று கிழவர் நினைத்திருக்க வேண்டும். நான் காசு கொடுக்கையில், "பாத்துக் குடு. கூடப் போச்சுன்னா நொரை தள்ளிப் படுத்துக்கும்" என்றார். ஆட்டுக்கு அந்த மருந்தில் சரியான அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடைவெளி குறைவு. எனக்குக் கிடைத்த ஆலோசனைகளில் மிக நேரானது அதுதான். நான்தான் அதை மருந்தைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் தொட்டியில் கொல்வது மருந்தல்ல. புழுவின் உடம்பிலேயே நஞ்சு இருக்கிறது. உயிரோடு இருக்கும் வரை அது அதற்குள்ளே இருக்கும். பத்து புழு செத்தால் ஒன்றுமில்லை. ஆயிரம் புழு ஒரே நேரத்தில் செத்தால் அந்தச் செஞ்சாறு முழுக்க நீரில் கலந்துவிடும். எனவே முறை என்னவென்றால், உறிஞ்ச முடிந்த மட்டும் பல நாள் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பிறகே மருந்து. சாகச் சாக உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். முக்கால் மணி நேரத்தில் நீரில் பாதியையாவது மாற்ற வேண்டும். அதற்கான உப்புநீர் முன்கூட்டியே கலந்து தயாராக இருக்க வேண்டும். மிச்ச நஞ்சைப் பிடிக்கக் கரி வேண்டும், அடுப்புக்கரியல்ல, இதற்கென்று தயாரித்த கரி. எல்லாம் படித்திருந்தேன். பரீட்சையில் கேட்டால் முழு மார்க் வாங்கியிருப்பேன்.

ஒரு கண்ணாடி டம்ளரில் பத்துப் புழுவை விட்டு மருந்தைச் சோதித்தேன். நாலு நிமிஷத்தில் சுருண்டு அடியில் விழுந்தன. இவ்வளவு சுலபமா என்று ஒரு ஆத்திரம் வந்தது. ஒரு மாதத்து இரவுகள் ஞாபகம் வந்தன. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு அந்த வாரம் முடிந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்துக்கொண்டு சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். கண்ணுக்குத் தெரிந்த புழு முந்நூறு இருக்கும். முந்நூறுக்கு 40 லிட்டர் உப்புநீர் போதும் என்று முடிவு செய்தேன். வாளி இரண்டுதான் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

மருந்து விட்டு ஐந்தாம் நிமிஷம் பீங்கான் துண்டுகள் புகை விட்டது போலிருந்தது. ஃபியூஸ் கட்டைகளின் பொந்துகளிலிருந்து, திருகு ஓட்டைகளிலிருந்து, இன்சுலேட்டரின் அடிக்குழிவிலிருந்து, அப்பா பொறுக்கி வந்த ஒவ்வொரு கோணல் துண்டின் ஒவ்வொரு மறைவிலிருந்தும் புழுக்கள் கழன்று வந்தன. முந்நூறு இல்லை. சில ஆயிரம். நான் ஒரு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தவற்றை மட்டும். தண்ணீர் ரசம் நிறத்துக்கு வந்தது. பம்ப் அதைச் சுழற்றிச் சுழற்றி எல்லா இடத்துக்கும் அனுப்பியது. இருந்த 40 லிட்டரை மாற்றினேன். ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. குழாய் நீரை அப்படியே எடுத்து உப்பைக் கொட்டிக் கையால் கலக்கினேன், கரையவில்லை. கோமாளி மீன் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்தன. பிடித்துப் பழைய உப்புநீர் கொஞ்சம் இருந்த பிளாஸ்டிக் டப்பாவில் போட்டேன். சுத்தம் செய்யும் இறால் முதுகு வளைந்து ஒரு முறை துள்ளிப் பக்கவாட்டில் விழுந்தது. ராஸ் மீன் எங்கோ பொந்துக்குள் போயிற்று, மறுநாள்தான் கிடைத்தது. மாண்டரின் மணலில் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தது. அது தப்பிவிட்டது என்று நினைத்தேன். தொட்டபோது நகரவில்லை. செவுள் மட்டும் அசைந்துகொண்டிருந்து, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. நிறம் மட்டும் போகவில்லை. உள்ளங்கையில் வைத்திருக்கையில் அதே நீலம், அதே ஆரஞ்சு. ஒரு ஜந்துவைக் காப்பாற்றக் கொல்ல ஆரம்பித்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மையில் அன்றைக்கு அந்த ஜந்துவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. புழுவைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாற்றிய நீரை எங்கே கொட்டுவது? கொல்லையில்தான். அடுத்த நாலு நாளும் கலக்கிக் கலக்கி மாற்றியதில் 200 லிட்டருக்கு மேல் போயிருக்கும். பத்தாம் நாள் அம்மாவின் வாழைக் கன்றுகளில் இலை ஓரம் தீய்ந்து சுருண்டது. வேம்பு தாங்கிக்கொண்டது, வாழை தாங்கவில்லை. அம்மா மீன் செத்ததற்கு ஒன்றும் சொல்லவில்லை. வாழைக்குச் சொன்னாள். "ஊரு சனமெல்லாம் நல்ல தண்ணிக்கு அலையுது. நீ கடலக் கொண்டாந்து கொல்லையில ஊத்துறியேடா." அதற்குப் பிறகு உப்புநீரை டிரம்மில் பிடித்து வண்டி வைத்துத்தான் அகற்றுகிறேன். செலவு கணிசம்.

மூன்று வாரம் கழித்து, எதிர்பார்த்தபடியே, கறை திரும்பி வந்தது. இம்முறை பன்னிரண்டு புழு. இம்முறை 150 லிட்டர் உப்புநீர், முந்திய நாளே கலந்து காற்றோட்டம் விட்டது. ஒரு கிலோ கரி. உறிஞ்சுவதற்கு இரண்டு குழாய், பிடித்துக்கொள்ளப் பக்கத்து வீட்டுப் பையன். கோமாளி மீன்களை முதலிலேயே வேறு தொட்டிக்கு மாற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலாக, பீங்கான் துண்டுகளில் முக்கால்வாசியை வெளியே எடுத்தேன். அவற்றோடு ஒட்டியிருந்த பவழங்களை பிளேடால் பெயர்த்து, நல்ல தண்ணீரில் சில நொடிகள் முக்கி, வேறு கல்லுக்கு மாற்றினேன். ஊதாப் பாசி போய்விடும், பாக்டீரியா போய்விடும், ஐந்து வருஷத்து வேலை போய்விடும் என்பது தெரிந்துதான் செய்தேன். துண்டுகளை ஒரு நாள் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டேன். கடலில் பிறந்த எதற்கும் அது போதும். பிறகு மொட்டைமாடியில் பரப்பினேன். அக்கினி நட்சத்திரம். அந்தத் தளத்தில் வெறுங்காலில் நிற்க முடியாது. 1200 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த பொருளுக்கு வேப்பூர் வெயில் ஒன்றுமில்லை. மிச்சமிருந்ததற்கு அது போதுமாக இருந்தது. மூன்றாம் நாளே ஊதா எல்லாம் உதிர்ந்து, சாக்கிலிருந்து கொட்டிய அன்றைக்கு இருந்த வெள்ளைக்குத் துண்டுகள் திரும்பிவிட்டன.

அதிலிருந்து இன்றுவரை பதினான்கு மாதம். கறை இல்லை. தினமும் காலையில் இடது மூலையைத்தான் முதலில் பார்க்கிறேன். மாண்டரின் மறுபடி வாங்கவில்லை. புதிதாக எது வந்தாலும் நான்கு வாரம் தனி டப்பாவில் இருக்கிறது.

துண்டுகளை எடுத்து வர ஒரு வாரம் கழித்து மாடிக்குப் போனேன். அம்மா அப்பாவின் பழைய வேட்டியை விரித்து வடகம் ஊற்றியிருந்தாள். காற்றில் தூக்காமலிருக்க நாலு மூலைக்கும் இன்சுலேட்டர், நடுநடுவே ஓரத்தில் ஃபியூஸ் கட்டை. ஒன்றை எடுக்கப் போனேன். வடகம் காய்கிற வரைக்கும் கல்லைத் தொடக் கூடாது என்று கீழேயிருந்து குரல் வந்தது. இன்னும் இரண்டு ஈடு ஊற்ற வேண்டுமாம்.